தோழி இல்லாத படங்கள்

முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மாணவி ஒருத்தி சினிமா விமர்சனம் எழுதுகிறாள். சிற்றிதழ்களில் ஒன்றிரண்டு வந்திருக்கின்றன. போன பருவத்தில் ஒருநாள், புதிதாக எழுதிய கட்டுரையைக் கோடு போட்ட நோட்டில் கொண்டுவந்து கொடுத்து, "குறை இருந்தா மட்டும் சொல்லுங்க மேடம்" என்றாள். வீட்டில் குக்கர் விசில் வரும்வரை நாலு பக்கம் பார்க்கலாம் என்று அடுப்படியில் பிரித்தேன். நின்றபடியே முழுவதையும் படித்து முடித்தேன்.

இரண்டு படங்களைப் பற்றி எழுதியிருந்தாள். ஒன்று, 1978இல் வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. இன்னொன்று, 2024இல் வந்த பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. முதல் படத்தின் மஞ்சு மனதில் பட்டதைப் பேசிப் பேசியே கெட்ட பெயர் வாங்கியவள். இரண்டாவது படத்தின் மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அதனால் அவள் கொட்டுக்காளி, பிடிவாதக்காரி. பேசினாலும் பேசாவிட்டாலும் பெயர் வைக்க ஊர் தயாராக இருக்கிறது என்று தொடங்கியிருந்தாள்.

'அவள் அப்படித்தா'னின் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கார் ஓடிக்கொண்டிருக்கிறது. அருணின் புது மனைவியிடம் மஞ்சு பெண் விடுதலை பற்றிக் கேட்கிறாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் அந்தப் பெண். பிறகு மஞ்சு சாலையில் இறங்கி நிற்க, கார் போய்விடுகிறது. கல்லூரிக் காலத்தில் அந்த மனைவியின் பதிலுக்கு நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆசிரியையான பிறகும் வகுப்பில் அதைச் சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறேன். என் மாணவி சிரிக்கவில்லை. மஞ்சுவைப் புரிந்துகொள்ளப் பார்க்கும் ஆணும் படத்தில் இருக்கிறான், இளக்காரமாகப் பேசும் ஆணும் இருக்கிறான், மனம்விட்டுப் பேசத்தான் ஒரு பெண் இல்லை என்கிறாள். கடைசியில் காருக்குள் ஒருத்தி கிடைக்கிறாள். அவளிடமும் மஞ்சு பேசவில்லை, பரீட்சை வைக்கிறாள்.

'கொட்டுக்காளி'க்கு வந்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, ஆட்டோவிலும் பைக்கிலுமாகக் குடும்பமே அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. கூடவே கால் கட்டிய சேவல். பின்னணி இசை கிடையாது. இது நாம் படித்த வெறியாட்டுதானே என்று கேட்டிருந்தாள். அகப்பாடல்களில் தலைவியின் உடல் மெலிவைக் கண்ட தாய், முருகன் அணங்கினான் என்று நம்பி வேலனை அழைப்பாள். வெறி பாடியதாலேயே பெயர்பெற்ற காமக்கண்ணியார் என்ற பெண்பாற் புலவரும் நமக்கு உண்டு. அந்தத் தாய்க்குக் காதல் தெரியாது, தெரியாமல் வேலனைக் கூப்பிடுகிறாள். மீனாவின் வீட்டாருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் பேய் என்கிறார்கள். அந்தப் பாடல்களில் நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லத் தோழி இருந்தாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குத் துறையே வைத்தோம். இந்த ஆட்டோவில் தோழி எங்கே?

இருபது வருஷமாக வெறியாட்டு நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. தோன்றாததற்குக் காரணம் இருந்தது.

பல வருஷங்களுக்கு முன்னால், வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது, ஒரு மாணவியின் பெற்றோர் துறைக்கு வந்தார்கள். பெண் யாரையோ விரும்புகிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றார்கள். அவள் என் மேசைக்கு எதிரே நின்றிருந்தாள். "அம்மா அப்பா உன் நல்லதுக்குத்தாம்மா சொல்வாங்க" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவத்திலும் அறத்தொடு நிற்றல் நடத்தினேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டேன்.

மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு குறை சொன்னேன். படத்தில் வழியை மறித்து நிற்கும் காளையைப் பெரிய ஆண்களால் நகர்த்த முடியாது. ஒரு சிறுமி வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். அவளை விட்டுவிட்டாயே என்றேன். "ஆமா மேடம்" என்று குறித்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, டி.சி. வாங்கிப் போன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். என்னைத் தேற்றுவாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் தேற்றவில்லை.

"அவங்க பேரு என்ன மேடம்?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"இப்ப எங்க இருக்காங்க?"

தெரியாது என்றேன். காருக்குள் இருந்த அந்தப் பெண் சொன்ன அதே பதில்.