கரங்களைத் தாங்கியவர்கள்

விளையாட்டுச் செய்தி எழுதுவோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. கோல் அடித்தவரின் பெயரைத் தலைப்பில் இடுவார்கள். தலைமைப் பயிற்சியாளரின் பெயர் வெற்றியென்றால் நடுவிலும், தோல்வியென்றால் தொடக்கத்திலும் வரும். துணைப் பயிற்சியாளர்களின் பெயர் பெரும்பாலும் எங்குமே வருவதில்லை. மகளிர் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து, அதில் பதினோர் ஆண்டுகள் துணை முதல்வராகவும் இருந்து ஓய்வுபெற்றவள் நான். முதலிடத்தில் ஒருபோதும் அமர்ந்தவளல்லள். ஆகவே, பெயர் வராத அந்த மனிதர்கள்மீது எனக்கு இயல்பாகவே ஒரு பரிவு உண்டு.

விடுதலைப் பயண நூலில் அமலேக்கியரோடு நடந்த போரை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். குன்றின்மீது மோசே கையை உயர்த்தியிருந்தவரை இஸ்ரயேலர் வென்றார்கள். கை தாழ்ந்தபோது பின்வாங்கினார்கள். அவர் கை தளர்ந்தபோது ஒரு கல்லைக் கொணர்ந்து அவரை அமரச்செய்து, ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று பொழுது சாயும்வரை அக்கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். போர்க்களத்தில் நின்றவர் யோசுவா. உயர்ந்த கை மோசேயுடையது. ஆனாலும் அந்த இருவர் இல்லையேல் அன்றைய வெற்றி இல்லை. ஒரு பயிற்சியாளர் குழுவைப்பற்றி இதைவிடத் தெளிவான சித்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த எண்ணத்தை என்னுள் விதைத்தது அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரம். என் மகளின் குடும்பம் அங்கு வாழ்கிறது. 2019-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அங்குத் தங்கியிருந்தபோது, போர்ட்லாந்துப் பல்கலைக்கழக மகளிர் கால்பந்து அணியின் ஆட்டம் ஒன்றைக் காண மருமகன் என்னை அழைத்துச் சென்றார். மெர்லோ ஃபீல்டு என்னும் அம்மைதானத்தில் சுமார் ஐயாயிரம் பேர் அமரலாம். மென்மழை தூறிக்கொண்டிருந்தது. வில்லா மரியா என்ற மாணவர் விடுதியின் இளைஞர்கள் முரசு கொட்டி ஆர்ப்பரித்தார்கள். கால்பந்தின் நுட்பம் அறியாத என் கண்கள் பந்தைவிட்டுப் பயிற்சியாளர்கள் பக்கமே சென்றன. ஒருவர் ஆட்டம் தொடங்குமுன் கோல் காப்பாளப் பெண்ணுக்கு ஓயாது பந்தை அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். மற்றொருவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். மாற்றப்பட்டு வெளியே வந்த ஒரு பெண் தலைகவிழ்ந்து அமர்ந்தபோது, வேறொருவர் அருகே சென்று தோளில் கைவைத்து நெடுநேரம் பேசினார். அந்தப் பேச்சு எந்தச் செய்தித்தாளிலும் வரப்போவதில்லை.

வீடு திரும்பியபின் இவர்களைப்பற்றி ஆவலோடு படிக்கலானேன். வில்லாமெட் ஆற்றின் மேலுள்ள ஒரு மேட்டில் 1901-ஆம் ஆண்டு பேராயர் அலெக்சாண்டர் கிறிஸ்டி இக்கல்வி நிலையத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டே திருச்சிலுவைச் சபைக் குருக்கள் அதன் பொறுப்பை ஏற்றார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுள் இது மிகச் சிறியது; மாணவர் தொகை சில ஆயிரமே. பெருங்கூட்டத்தையும் பெரும்பணத்தையும் ஈர்க்கும் அமெரிக்க ஃபுட்பால் அணிகூட இங்கு இல்லை. இத்தகைய இடத்தில், 1986-இல் ஆண்கள் அணிக்கும் 1989-இல் மகளிர் அணிக்கும் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் கிளைவ் சார்ல்ஸ்.

இவர் 1951-இல் இலண்டனில் பிறந்த கறுப்பினத்தவர். வெஸ்ட் ஹாம் யுனைடெட் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர். 1972 ஏப்ரல் முதல் நாள் டாட்டனம் அணிக்கு எதிராக வெஸ்ட் ஹாம் ஆடியபோது கிளைட் பெஸ்ட், ஏட் கோக்கர், கிளைவ் சார்ல்ஸ் ஆகிய மூன்று கறுப்பின வீரர்கள் ஒருசேரக் களமிறங்கினார்கள். இங்கிலாந்தின் உயர்தர லீக் ஆட்டத்தில் அதற்குமுன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து நிறவெறி வசவுகள் கொட்டப்பட்ட காலம் அது. பின்பு கார்டிஃப் நகர அணியில் ஆடினார். அங்கு அவரோடு ஆடியவர் பில் இர்வின் என்னும் வட அயர்லாந்துக் கோல் காப்பாளர். 1978-இல் சார்ல்ஸ் போர்ட்லாந்து டிம்பர்ஸ் அணிக்கு ஆட வந்தார். அந்நகரையே தம் ஊராக்கிக்கொண்டார். பிற்காலத்தில் அதே பில் இர்வின் அவருடைய துணைப் பயிற்சியாளராகப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். காரெட் ஸ்மித் மற்றொரு துணைவர். ஆரோனும் கூரும் என்று இவர்களை நான் மனத்துக்குள் பெயரிட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நம் நாட்டில் நாம் அறிந்த மாலைநேர விளையாட்டு அன்று. 1972-இல் நிறைவேறிய ஒரு கல்விச் சட்டம் அங்குப் பெண்களின் விளையாட்டு வாழ்வையே மாற்றியது. மூல ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட அதன் முதன்மை விதியில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் வேறுபாட்டின் பெயரால் எவரையும் ஒதுக்கலாகாது என்பதே அதன் சாரம். அதன் பயனாக மகளிர் அணிகள் பெருகின. தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் 1982-இல் மகளிர் கால்பந்துப் போட்டியைத் தொடங்கியது. இன்று முதற்பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. மாணவியரின் படிப்பு கெடாதிருக்க, ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் பயிற்சி கூடாது என்பது விதி. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், துணைவர் இருவர், இவர்களோடு ஊதியம் பெறாத தன்னார்வலர் ஒருவர் என்பதே நெடுங்காலம் குழுவின் அமைப்பு. ஊதியமற்ற அந்தப் பதவிப்பிரிவு 2023 சூலையில் நீக்கப்பட்டது. உழைப்பாளி தம் கூலிக்கு உரிமையுடையவர் என்பதை உணர அவர்களுக்கும் நாளாகியிருக்கிறது!

வெற்றி எளிதில் வாய்க்கவில்லை. 1982 முதல் 2000 வரை நடந்த 19 போட்டிகளில் 16 கோப்பைகளை வட கரோலினாப் பல்கலைக்கழகமே வென்றது. 1995-இல் சார்ல்ஸின் ஆண்கள் அணி, மகளிர் அணி இரண்டுமே தேசிய அரையிறுதியை எட்டின. மகளிர் அணி இறுதியாட்டத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. அதுவும் அதே திருச்சிலுவைச் சபை நிறுவியதே. உடன்பிறந்த இரு கல்விக்கூடங்களின் அந்த ஆட்டம் மூன்றாம் கூடுதல் நேரம்வரை நீண்டு, ஒரே ஒரு கோலில் போர்ட்லாந்து தோற்றது.

ஆனால், ஒரு பயிற்சியாளரின் விளைச்சலைக் கோப்பைக் கணக்கில் மட்டும் அளக்க முடியுமா? அடுத்த ஆண்டே, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், மகளிர் கால்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. சீனத்தை 2-1 என வென்று அமெரிக்கா தங்கம் பெற்றது. அவ்விரு கோல்களையும் அடித்தவர்கள் ஷனான் மக்மில்லன், டிஃபனி மில்பிரெட். இருவரும் சார்ல்ஸின் மாணவியர்.

2000-ஆம் ஆண்டில் சார்ல்ஸுக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணியை நான்காம் இடத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. நோயோடு பணியைத் தொடர்ந்தார். 2002 ஆகஸ்டில் அவர் அண்ணன் ஜான் சார்ல்ஸும் புற்றுநோயால் இறந்தார். இங்கிலாந்தின் இளைஞர் அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் என்று போற்றப்பட்டவர் அவர்.

அந்த ஆண்டு திசம்பரில் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இறுதியாட்டம். எதிரணி, இயேசு சபையினரின் சாண்டா கிளாரா பல்கலைக்கழகம். முந்தைய ஆண்டின் வெற்றியாளர்களும் அவர்களே. இரண்டாம் கூடுதல் நேரத்தில் கிறிஸ்டின் சின்க்ளேர் என்ற கனடிய மாணவி தம் இரண்டாம் கோலை அடித்தார்; ஆட்டம் 2-1 என முடிந்தது. அப்பல்கலைக்கழகம் எந்த விளையாட்டிலும் பெற்ற முதல் தேசியக் கோப்பை அது. அடுத்த ஆட்டப் பருவம் தொடங்கும் தருவாயில், 2003 ஆகஸ்டு 26 அன்று, கிளைவ் சார்ல்ஸ் காலமானார். வயது 51.

இவ்விடத்தில்தான் நான் நின்று சிந்திக்கிறேன். தலைவர் மறைந்ததும் எத்தனை நிறுவனங்கள் சிதறியிருக்கின்றன! போர்ட்லாந்தில் அவ்வாறு நேரவில்லை. மகளிர் அணியைக் காரெட் ஸ்மித் ஏற்றார். ஆண்கள் அணியைப் பில் இர்வின் ஏற்றார். வெளியிலிருந்து ஒரு பெரும்புள்ளியைத் தேடவேண்டியிருக்கவில்லை. 2005-இல் ஸ்மித்தின் மகளிர் அணி ஒரு தோல்வியும் காணாமல் இறுதியாட்டம்வரை வந்து, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 4-0 என வென்றது. அப்பருவத்தில் மட்டும் சின்க்ளேர் அடித்த கோல்கள் 39. பின்னாளில் பன்னாட்டு ஆட்டங்களில் 190 கோல்கள் அடித்து, ஆண்களும் எட்டாத எண்ணிக்கையோடு அவர் ஓய்வுபெற்றார். கைகளைத் தாங்கியவர்கள், காலம் வந்தபோது தாமே கைகளை உயர்த்தவும் தெரிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கோப்பை சான்று. துணைவர்களை வெறும் ஏவலாளராக வைத்திருக்கும் தலைவரால் இத்தகைய மரபை விட்டுச்செல்ல இயலாது.

எனினும் இந்தச் சித்திரத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும். அதே போர்ட்லாந்து நகரின் தொழில்முறை மகளிர் அணியில் முன்பு பணியாற்றிய பயிற்சியாளர் ஒருவர்மீது, 2021 செப்டம்பரில் வீராங்கனையர் இருவர் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டை வெளிப்படையாகக் கூறினர். 2015-இலேயே முறையீடு எழுந்து, அவர் அவ்வணியிலிருந்து விலக்கப்பட்டார்; காரணம் ஊராருக்குச் சொல்லப்படவில்லை. அவர் வேறோர் அணியில் பணியேற்றார். 2022 அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை, இது ஒரு மனிதரின் குற்றம் மட்டுமன்று, அந்த லீக் முழுவதிலும் வேரூன்றிய நோய் என்று கண்டது. அறிந்தவர் பலர், பேசியவர் சிலர். ஓரிடத்தில் குற்றம் கண்டு மற்றோரிடத்துக்கு ஓசையின்றி அனுப்பிவிடும் அவலத்தின் விலை என்ன என்பதை நம் திருச்சபையும் கண்ணீரோடு கற்றிருக்கிறது. பிறரைச் சுட்டும் உரிமை நமக்கு எளிதில் கிடையாது.

ஓர் இளம்பெண்ணின் இடம், உதவித்தொகை, எதிர்காலம் அனைத்தும் ஒருவரின் சொல்லில் தொங்கும்போது, அந்தச் சொல்லை வேறு யாரேனும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். துணைவர்களின் இன்னொரு கடமை இங்கே தொடங்குகிறது. மோசேயின் கையைத் தாங்கிய அதே ஆரோன்தான், பின்னொரு நாளில் மக்கள் கேட்டவுடன் மறுக்க மனமின்றிப் பொற்கன்றை வார்த்துக்கொடுத்தார். தாங்கத் தெரிந்தவர்க்கு மறுக்கவும் தெரியவேண்டும்.

நான் துணை முதல்வராக இருந்த நாள்களில் கல்விக்கட்டணம் செலுத்த இயலாத மாணவி ஒருத்தியைத் தேர்வு எழுதவிடாமல் நிறுத்த முதல்வர் அம்மையார் முடிவு செய்தார்கள். அவர்கள் கண்டிப்பானவர்கள், என்மீது மிகுந்த அன்பும் வைத்திருந்தவர்கள். “சிஸ்டர், இந்த ஆணையில் என் கையெழுத்து இராது” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், “டீச்சர், அந்தப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்” என்றார்கள். அவ்வளவே. அதன்பின் எந்த முக்கிய முடிவையும் என்னைக் கேளாமல் அவர்கள் எடுத்ததில்லை.

இன்னொன்றும் என் நெஞ்சைத் தொட்டது. 1972-இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். மகளிர் விளையாட்டுக்குப் பணமும் மதிப்பும் வந்தபின் அப்பதவிகளை ஆண்களும் நாடினர். 2014-இல் அது நூற்றுக்கு 43 என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. பெண்களுக்காகத் திறந்த கதவில் பெண்களே பின்வரிசைக்குச் சென்ற விந்தை இது! போர்ட்லாந்தில் 2018 பருவம் முதல் மகளிர் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் மிஷேல் ஃபிரெஞ்சு. சார்ல்ஸிடம் ஆடிக் கற்றவர்; 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க மகளிர் அணியில் இருந்தவர். அன்று மழையில் நான் கண்ட குழுவின் தலைவி அவரே என்பதை அறிந்தபோது, கிளைவ் சார்ல்ஸ் என்ற மனிதரை ஒருமுறை நேரில் கண்டதுபோலவே உணர்ந்தேன்.

அன்புக்குரிய வாசகர்களே, நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் இத்தகையோர் எத்தனை பேர்! பாடகர் குழுத் தலைவருக்குப் பின்னால் நின்று சுதி சேர்ப்பவர். மறைக்கல்வி வகுப்பில் பின் வரிசைக் குழந்தைகளைக் கவனிப்பவர். பங்குப் பேரவையில் தலைவர் பேசியபின் நாற்காலிகளை அடுக்கிவைப்பவர். அவர்களை இந்த ஞாயிறன்று பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவோம். தலைமையிலிருப்போர் இன்னும் ஒரு படி சென்று, எதிர்த்துப் பேசும் உரிமையையும், தமக்குப்பின் பொறுப்பேற்கும் திறனையும் அவர்களுக்கு இன்றே கொடுக்கத் தொடங்கட்டும். பொழுது சாயும்வரை கை தாழாதிருக்க அதுவே வழி.