மட்டக்களப்புக் கோட்டையில் ஒரு கேள்வி

லீவுக்குப் புள்ளைகளோட கல்முனையிலிருந்து மட்டக்களப்புக் கோட்டைக்குப் போனோம். எங்கட பாடசாலைகள் சுற்றுலா என்றால் கண்டி, சீகிரியா என்றுதான் பஸ் பிடிக்கின்றன; பக்கத்தில் கிடக்கும் இதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோட்டை. மகனுக்கு இதெல்லாம் எங்கே ஏறும்? பீரங்கியில் ஏறத்தான் அவசரம்.

மகள்தான் கேட்டாள்: "வாப்பா, அப்ப நாம எங்க இருந்த?"

1626 அளவில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் இந்தக் கிழக்குக் கரையில் குடியேற்றியதைச் சொன்னேன். நாலாயிரம் பேர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

"ஏன் விரட்டின?"

கறுவா, பாக்கு வியாபாரப் போட்டியையும் மதப்பகையையும் விளக்கி முடிக்க, திரும்பும் வழியில் களுவாஞ்சிக்குடி வந்துவிட்டது.