பெரியதம்பியின் துறைமுகம்

மேலூர்க்காரர்களுக்குக் கடல் தூரம். பெரியாறு கால்வாயில் வரும் தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். கீழக்கரைச் சீதக்காதியும் எங்களிடம் பழமொழியாகத்தான் வந்து சேர்ந்தார். செத்தும் கொடுத்தவரை எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருந்தபோது அவர் எதை விற்றார், யாரோடு மல்லுக்கு நின்றார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்வியோடுதான் மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம் போய், கீழக்கரைப் பேருந்தில் ஏறினேன்.

அங்கே ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்ததும் மதுரைப் பக்கத்துக் கோயில் மண்டபங்கள் நினைவுக்கு வந்தன. அதே உளிவேலை; உருவங்கள் மட்டும் இல்லை. பக்கத்திலேயே அவருடைய அடக்கத்தலம். “வள்ளல்னு மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க தம்பி, அவுக பெரிய கப்பல் வியாபாரி” என்றார் தொழுகை முடித்து வந்த பெரியவர் ஒருவர். சரியாகச் சொன்னார்.

அவர் காலத்துக்கு முன்பே இந்தக் கடலில் ஐரோப்பியரும், அவர் சார்ந்த முஸ்லிம் கப்பல் வணிகர்களான மரக்காயர்களும் மோதிக்கொண்டார்கள். முத்துக்குளிக்கும் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்புக்குள் போன சில ஆண்டுகளிலேயே, 1538இல், மண்டபத்துக்கு அருகில் வேதாளையில் பெரிய சண்டை நடந்தது. மார்ட்டிம் அபோன்சோ டி சோசாவின் படை மரக்காயர் கப்பல்களை முறியடித்தது. போர்த்துக்கீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கப்பல் ஓட்டினால் சரக்கு பறிபோகும் என்ற காலம் அது. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. முத்து, சங்கு, துணி எல்லாவற்றையும் தாங்களே வாங்கி விற்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அதற்குக் குறுக்கே நின்றவர்தான், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமான சீதக்காதி. டச்சு ஆவணங்களில் அவர் பெயர் பெரியதம்பி. சேதுபதியிடம் அவர் வகித்த பதவியிலிருந்து அவரை விலக்கும்படி சேதுபதியையே நெருக்கும் அளவுக்கு அவர் மேல் அவர்களுக்குக் கோபம். கோபம் இருந்தாலும் அவரை ஒதுக்க முடியவில்லை. உள்நாட்டு நெல்லும் துணியும் துறைமுகத்துக்கு வந்தது மரக்காயர்கள் வழியாக. பாம்பன் கால்வாயின் ஆழமும் திட்டும் தெரிந்த மாலுமிகளும் இவர்களிடமே இருந்தார்கள். போதாததற்கு, டச்சுக்காரர்கள் கெடுபிடி செய்தால் சென்னையில் ஆங்கிலேயரும், 1620 முதல் தரங்கம்பாடியில் டேனியரும் இருந்தார்கள். அவர்களிடம் சீட்டு வாங்கிக்கொண்டும் மரக்காயர்கள் கப்பலை விட்டார்கள். ஒரு கிறிஸ்தவ அரசின் போட்டியாளர் இன்னொரு கிறிஸ்தவ அரசு என்பதை இந்த முஸ்லிம் வணிகர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருந்தார்கள். மதம் வேறு என்பதற்காக வியாபாரம் நின்றுவிடவில்லை. சண்டை பெரும்பாலும் விலையையும் உரிமையையும் பற்றியது.

திரும்பும் வழியில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குப் போனேன். அதன் சுவரோவியங்களில் சேதுபதி ஐரோப்பியத் தூதர்களை வரவேற்கிறார்.

சீதக்காதியை வெறும் கொடைவள்ளலாகச் சுருக்கியது நாம் அவருக்குச் செய்த அநீதி என்றே நினைக்கிறேன். கடல் வாணிபத்தின் அரசியல் தெரிந்த தமிழர் அவர். டச்சு மொழி கற்று, அந்த ஆவணங்களைப் படித்து, அவர் வாழ்க்கையைத் தமிழில் முழுதாக எழுத இளைஞர்கள் யாராவது முன்வர வேண்டும். இராமேசுவரம் போகிறவர்களும் கீழக்கரைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.