மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பென்சில்

தேனிப் பக்கம் இயற்பியல் என்று பேச்செடுத்தால் பொட்டிபுரம் நியூட்ரினோ சண்டைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்கு ரொம்ப முன்னாடியே ஒரு கதை இருக்கிறது. ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கம்!

வருசநாட்டு மலைக்கு இந்தப் பக்கம் தேனி, அந்தப் பக்கம் வத்திராயிருப்பு. காக்கா பறந்தால் கிட்டத்தான், பஸ் என்றால் மலையைச் சுற்றித்தான் போகணும். ஆனால் தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் நீளவாக்கில் போக நல்ல ரோடு, அலுப்பே தெரியாது.

பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டிலும் இதே கதைதான். கார்பன் அணுக்கள் ஓரணு கனத்தில் தாள் தாளாக அடுக்கியிருக்கும். எலெக்ட்ரான் ஒரு தாளுக்குள் ஓடுவது சுலபம், அடுத்த தாளுக்குத் தாண்டுவது கஷ்டம். 1939-இல் கல்கத்தாவில் இதை அளந்து 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் இருவர். மின்சாரம் கடத்தும் திறன் திசைக்குத் திசை ஆயிரக்கணக்கான மடங்கு மாறுகிறதாம்! ஒருவர் கங்குலி. இன்னொருவர் கே.எஸ்.கிருஷ்ணன், 1898-இல் அதே வத்திராயிருப்பில் பிறந்தவர்.

அதோடு விடவில்லை. எலெக்ட்ரானுக்கு 'ஸ்பின்' உண்டு, அதனால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். வெளியே காந்தம் வைத்தால் அதன் பக்கம் சாயப் பார்க்கும். ஆனால் தாளுக்குள் அது ஓடும் ஓட்டம் காந்தத்தை எதிர்த்துத் தள்ளும். கிராஃபைட்டில் ஜெயிப்பது இந்தத் தள்ளல்தான், அதுவும் தாளுக்குச் செங்குத்தான திசையில் பல மடங்கு. 1941-இல் கங்குலியும் கிருஷ்ணனும் இதற்குத் தாளுக்குள் திரியும் எலெக்ட்ரான்களே காரணம் என்று விளக்கினார்கள்.

1945-இல் பாட்டியாவுடன் சேர்ந்து இன்னொன்று. உருகிய உலோகத்தில் அணுக்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன, எலெக்ட்ரான் அலை சிதறுகிறது, அதுதான் மின்தடை. எக்ஸ் கதிர் சிதறுவதைப் போலவே இதையும் கணக்குப் போடலாம் என்றார்கள்.

2004-இல் மான்செஸ்டரில் செலோடேப் ஒட்டி அந்த ஒற்றைத் தாளையே உரித்தெடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2010-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

கிருஷ்ணன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1928 ராமன் விளைவில் கூட வேலை பார்த்தவர் என்று ஒரு வரி, அவ்வளவுதான். 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானதும் அவர்தான். ஆராய்ச்சி என்றாலே வெளிநாடு என்று நினைக்கும் தேனிப் பையனுக்கு, தினமும் ஜன்னலில் தெரியும் மலைக்குப் பின்னால் இப்படி ஒருவர் பிறந்தார் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு பென்சிலை இருபக்கமும் சீவி, இரண்டு டார்ச் செல், ஒரு சிவப்பு எல்.ஈ.டி. சேர்த்துப் பாருங்கள். எரியும்!