கஜேந்திரன் நீர் அருந்தும் துறை

கும்பகோணத்திலிருந்து திருவையாறு செல்லும் வழியில், காவிரிக் கரையில் கபிஸ்தலம் என்னும் திவ்யதேசம் உள்ளது. திருமழிசையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம். முதலையின் வாயில் அகப்பட்ட யானை 'ஆதிமூலமே' என்று அலற, பெருமாள் கருடன்மீது விரைந்து வந்து காத்தருளியது இங்கேதான் என்பது தலவரலாறு. ஆனால் இன்று அந்தப் பகுதிக் காவிரியில் காட்டு யானை ஏது? முதலையும் கொள்ளிடத்தில் சிற்சில இடங்களில்தான் எஞ்சியிருக்கிறது. யானையும் முதலையும் ஒரே துறையில் நீர் அருந்தும் காட்சி வேண்டுமானால், அதே காவிரியில் எதிர்த்திசையில் மேட்டூரையும் கடந்து தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் வரை வரவேண்டும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. நீர் பாறையில் மோதிப் புகைபோல் எழுவதால் புகையும் கல் என்று பெயர் பெற்றது. ஆற்றங்கரையில் தேசநாதேஸ்வரர் திருக்கோயிலும் காவிரியம்மன் சந்நிதியும் இருக்கின்றன. ஆடிப்பெருக்கன்று இங்கே கூடும் கூட்டத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். அருவியில் நீராடி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மீன் வறுவலுடன் உண்டு திரும்புவதே பெரும்பாலோர் ஒகேனக்கல். அதைக் குறை சொல்வதற்கில்லை. அந்த உழைப்பில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும், அருவியைச் சூழ்ந்த காட்டை அவர்கள் பார்ப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

சென்ற மாசியில் மகள் குடும்பத்துடன் இரண்டு நாள் அங்கே தங்கினோம். பேத்தி பள்ளியில் மழைக்காடுகளைப் பற்றிப் படித்திருக்கிறாள். பச்சைப் பசேலென்று இருண்ட வனத்தை எதிர்பார்த்து வந்தவளுக்கு, பென்னாகரம் தாண்டியதும் இலையுதிர்ந்து சாம்பல் பூத்து நின்ற மரங்களைக் கண்டு பெரும் ஏமாற்றம். "தாத்தா, காடு செத்துப் போச்சா?" என்று கேட்டாள். சாகவில்லை. இது வறண்ட இலையுதிர் காடு. கோடையில் நீரை மிச்சம் பிடிக்க இலைகளை உதிர்த்துவிட்டு நோன்பிருக்கிறது. வால்பாறை போன்ற மழைக்காட்டில் மரச்செறிவு விலங்கை மறைத்துவிடும். கண்ணுக்கு எட்டுவது சில அடிகள்தாம். இங்கோ கோடையில் ஓடைகளும் குட்டைகளும் வறண்டுவிட, உயிர்கள் யாவும் ஆற்றை நாடி இறங்கி வருகின்றன. பொறுமையுடன் காத்திருப்பவனுக்கு இந்தக் காடு தன்னை ஒளிப்பதில்லை.

ஒரு காலத்தில் இந்த வனத்தின் பெயரைச் சொன்னாலே வீரப்பன் நினைவுதான் வரும். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவன் கதை முடியும்வரை, சந்தன மரங்களும் தந்தமுள்ள யானைகளும் இப்பகுதிக் காடுகளில் எத்தனை அழிந்தன என்பதற்குச் சரியான கணக்கு எவரிடம் இருக்கும்? பின்னர் நல்லகாலம் பிறந்தது. 2014இல் 504 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களில் பரவியவை. கர்நாடகத்தின் காவிரி சரணாலயமும் அடுத்திருப்பதால், யானைக்கு மாநில எல்லை ஒரு பொருட்டன்று. தெற்குச் சரணாலயத்தில் மட்டும் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் இருப்பதாக அறிவிக்கும்போது சொன்னார்கள். நாற்கொம்பு மான், மென்மையான ஓடுடைய ஆமை, நீர்நாய், சதுப்புநில முதலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

பென்னாகரத்திலிருந்து இறங்கும் மலைப்பாதையில் முதலில் எதிர்ப்படுபவர்கள் குரங்குகள். என் மனைவி ஆஞ்சநேய பக்தை. புறப்படுமுன் சனிக்கிழமை அர்ச்சனை செய்த வாழைப்பழங்களை ஒரு சீப்பு நிறைய எடுத்து வைத்திருந்தாள். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறக்கும் வேளையில், சாலையோரம் நின்றிருந்த வனக்காவலர் ஓடிவந்தார். நம் பேரன் வயதுதான் இருக்கும்.

"போட வேண்டாங்கம்மா."

"பிரசாதம் தம்பி. அனுமாருக்குப் படைச்சது."

"புரியுதுங்கம்மா. நீங்க போடறது ஒரு சீப்பு. நாளைக்கு முந்நூறு வண்டி வரும். அத்தனையும் பழத்துக்காக ரோட்டுலயே உட்கார்ந்திருக்குது. போன வாரம் இந்த வளைவுலதான் ஒண்ணு அடிபட்டுச்சு. வயித்துல குட்டி தொங்கிட்டிருந்துச்சு."

மனைவி ஒன்றும் பேசவில்லை. கதவை மூடிக்கொண்டாள். மலையிறங்கும்வரை வண்டியில் மௌனம். தரிசனத்தின்போது அந்தப் பழங்களைத் தேசநாதர் சந்நிதியில் கொடுத்து, வந்திருந்த குழந்தைகளுக்கு விநியோகிக்கச் செய்தாள். அன்றிரவு அவளே சொன்னாள்: "வானரசேனை காட்டுல பழமும் கிழங்கும் தேடித் தின்னுதான் சேது கட்டிச்சு. யாரும் கார்ல வந்து போடல." நான் சொல்லியிருந்தால் வாதம் வளர்ந்திருக்கும்.

குரங்குக்கு உணவளிப்பது புண்ணியம் என்று நம் இல்லங்களில் ஊறிப்போயிருக்கிறது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடும் பழக்கத்தின் நீட்சி அது. ஆனால் கையிலிருந்து உணவு பெறப் பழகிய குரங்கு, கொடுக்காதவரிடம் பறிக்கும். பறிக்க விடாதவரைக் கடிக்கும். கடித்த குரங்கைப் பிடித்து வேறு காட்டில் விடுவார்கள். தன் கூட்டத்தைப் பிரிந்த குரங்கு அங்கே என்னாகும்? பிஸ்கட் பொட்டலத்தையும் சிப்ஸ் உறையையும் சேர்த்து எறிபவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை பரிசல். மூங்கில் பின்னலில் அமைந்த வட்டமான ஓடம். முன்பு தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டிவிட்ட பின்னரே பரிசல்காரர் துடுப்பை எடுத்தார். கூட்டம் சேருமுன் முதல் பரிசலில் போய்விட வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். மோட்டார் ஓசை இல்லை. துடுப்பு நீரைத் தொடும் சத்தம் மட்டும். பாறைச் சுவர்களுக்கிடையே சற்று தூரம் சென்றதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார்.

எதிர்ப்பாறையில் ஐந்து நீர்நாய்கள். நனைந்த உடல் வெயிலில் பளபளக்க, பெரியது ஒன்று மீனை முன்னங்கால்களில் பிடித்துத் தலையிலிருந்து கடித்துக்கொண்டிருந்தது. குட்டிகள் இரண்டு அதன் வாயருகே மூக்கை நீட்டிக் கெஞ்சின. மருமகன் கைப்பேசியை உயர்த்தி, "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்களேன்" என்றார் மெல்ல.

பரிசல்காரர் தலையசைத்து மறுத்தார். "குட்டி இருக்குதுங்க சாமி. கிட்ட போனா மீனைப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள போயிடும். அப்புறம் குட்டிங்களுக்குப் பட்டினி."

கர்ப்பகிருகத்துக்குள் நுழைய வேண்டுமென்று நாம் கேட்பதில்லை. அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்று, அர்ச்சகர் தீபம் காட்டும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்கிறோம். அப்போது எட்ட நிற்பதை நாம் குறையாக எண்ணுவதில்லை. பரிசலில் கால்மணி நேரம் அப்படித்தான் இருந்தோம். படம் சரியாக வரவில்லை. மங்கலான பழுப்பு நிறத் திட்டு ஒன்றுதான் மருமகனிடம் இருக்கிறது.

கரையோரம் ஓங்கி நிற்பவை நீர்மருது மரங்கள். திருவிடைமருதூரில் மகாலிங்க சுவாமிக்குத் தலவிருட்சமாக விளங்கும் அதே மருத மரம். வெண்மை கலந்த வழவழப்பான பட்டையும் நீரில் தோயும் வேர்களும் உடையது. சுற்றிலும் காடு காய்ந்தாலும் இது பசுமை மாறாது நிற்கும். இந்த ஆற்றோர மரங்களில் நரை அணில் வாழ்கிறது. பூனை அளவு உடல், அதைவிட நீண்ட வால். ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே 1988இல் சரணாலயம் அமைத்தார்கள். கிளைக்குக் கிளை தாவியே செல்லும் பிராணி அது. நாலைந்து மரங்களை வெட்டி வண்டி நிறுத்துமிடம் ஆக்கினாலும் அதன் தெருவைத் துண்டித்ததாகிவிடும்.

முதலையைப் பாறையில் தொலைவிலிருந்து கண்டோம். பேத்தி அதைக் கல் என்றே சாதித்தாள். அருகில் பார்க்க விரும்புவோருக்கு வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் ஊரிலேயே உள்ளது. நீராடும்போது அனுமதித்த துறையைத் தாண்டக்கூடாது என்று சொல்வதற்குச் சுழல் மட்டும் காரணமன்று.

ஆற்றில் ஒரு காட்சி மனத்தை வருத்தியது. தோஷம் கழிய வேண்டுமென்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் இங்கும் பரவியிருக்கிறது. பாறை இடுக்குகளில் சேலைகளும் வேட்டிகளும் சிக்கிக் கிடந்தன. காவிரியைத் தாய் என்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் குடிப்பதும் இந்த நீரைத்தான். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து, சிறு வயதிலேயே பற்கள் பழுப்பேறிய தலைமுறை ஒன்று இந்த மண்ணில் உண்டு.

இனி யானை. மாலையில் சாலையோர மூங்கில் புதரருகே மூன்று யானைகளைக் கண்டோம். ஓட்டுநர் தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, ஒலிப்பானைத் தொடாமல், வண்டியைப் பின்னுக்கு எடுக்க இடம் விட்டுக் காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டியிலிருந்து இளைஞர் இருவர் இறங்கிச் செல்ஃபி எடுக்க முன்னேற, தாய் யானை காதுகளை விரித்துத் திரும்பியது. அவர்கள் ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அந்த யானைகள் அன்று ஆற்றுக்கு இறங்கவில்லை. வந்த வழியே காட்டுக்குள் திரும்பின. நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும் பிராணி, தாகத்தோடு திரும்பியது.

ஆற்று வழி அடைபட்டால் யானை எங்கே போகும்? ஊருக்குள்தான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் மாண்டன. இரண்டு குட்டிகள் தப்பித் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் உரசி ஆண் யானை ஒன்று இறந்தது. பென்னாகரம் பகுதியில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டியை முதுமலை தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோய், ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்தால் உலகறிந்த பொம்மன், பெள்ளி தம்பதியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் பாலூட்டியும் மாத இறுதியில் அது பிழைக்கவில்லை.

மின்வேலி போட்டவரைக் கொடியவர் என்று சொல்லிவிடுவது எளிது. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால், கதிர் முற்றிய கேழ்வரகுக் கொல்லை ஒரே இரவில் துவம்சமானால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு எப்படிப் போகும் என்பதை அறிவேன். சட்டத்தின்படி இழப்பீடு உண்டு. அது விரைவாக, அலைக்கழிப்பின்றிக் கைக்கு வந்தால் மின்கம்பியை நாடுவோர் குறைவார்கள். சுற்றுலா வரும் நாமும் உள்ளூர் விடுதியில் தங்கி, உள்ளூர்ப் பரிசல்காரருக்கும் வழிகாட்டிக்கும் உரிய கூலி கொடுத்தால், யானை இருப்பதால் தமக்கும் வாழ்வு உண்டு என்று அவர்கள் எண்ண இடமுண்டு. இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசி, இருபது ரூபாய்ப் பொட்டலத்தைக் காட்டில் எறிந்து வருவதில் யாருக்கு என்ன லாபம்?

செல்ல விரும்புவோர் கவனிக்க: விலங்குகளைக் காண ஆடிப்பெருக்கு நாள் ஏற்றதன்று, மாசி, பங்குனி மாதங்களில் வார நாட்களே நலம். அருவியின் முழு அழகு அப்போது இராது. நீர்வரத்து மிகுந்தால் பரிசலுக்குத் தடை விதிப்பார்கள். சரணாலயத்தின் உட்பகுதிக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக்கூடாது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஆற்றருகிலேயே உள்ளது. ஒரு பைனாகுலர் இருந்தால் எட்ட நின்றே எல்லாம் காணலாம்.

மூன்றாம் நாள் அரூரை அடுத்த தீர்த்தமலைக்குச் சென்றோம். இலங்கையிலிருந்து திரும்பிய ராமபிரான் சிவபூஜைக்குக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினாராம். நேரம் தாழ்ந்ததால் தாமே அம்பெய்து மலையிலிருந்து தீர்த்தம் வரவழைத்தாராம். அதுவே ராம தீர்த்தம். பாறைப் பிளவுகளில் மழை நீரைத் தேக்கி, மாதக்கணக்கில் துளித்துளியாக விடுவது மேலே உள்ள காடுதான். மலையேறும் வழியில் குரங்குகள் ஏராளம். மனைவி பையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு, "ஸ்ரீராமஜெயம்" என்று சொல்லியபடி அவற்றைக் கடந்தாள். தீர்த்தகிரீஸ்வரரையும் வடிவாம்பிகையையும் தரிசித்துவிட்டு ராம தீர்த்தத்தின் கீழ் வரிசையில் நின்றோம். கோடையாதலால் உச்சியிலிருந்து மெல்லிய நூலாகத்தான் இறங்கியது. ஒரு சொம்பு நிறைய வெகுநேரம் ஆயிற்று. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.