நால்வருக்கும் மருந்து

மூன்றாம் வகுப்பில் பயிலும் எங்கள் மகன், விரலிடுக்கில் சிரங்கு கண்டு பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது நாங்கள் நாணினோம். நாள்தோறும் குளிக்கும் பிள்ளைக்கா இது என்று பள்ளியின் மீதே சினங்கொண்டோம். டாக்டர் எழுதித் தந்த பெர்மெத்ரின் களிம்பை அவனுக்கு மட்டும் பூசினோம். வீட்டிலுள்ள நால்வரும் பூச வேண்டுமென அவர் கூறியிருந்தார். பெரியவரான பாட்டியிடம் அதை எவ்வாறு சொல்வது? மூன்று வாரத்தில் சிரங்கு திரும்பிற்று.

பள்ளிச் செவிலியார் எங்களை அழைத்தார். கடிந்துகொள்வார் என்றே சென்றோம். "இது அழுக்கால் வருவதன்று. கண்ணுக்குப் புலப்படாத உண்ணி தோலுக்குள் முட்டையிடுவதால் வருவது" என்றார். அரிப்புத் தோன்றுமுன் 4 முதல் 6 வாரங்கள் அது ஒருவரிடம் மறைந்திருக்குமாம். ஆதலால் அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் உள்ளங்கால் வரை பூசிக் காலையில் கழுவ வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். அதன்பின் சில வாரம் அரிப்பு நீடித்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

நியூயார்க் பள்ளிகளில் ஒருகாலத்தில் இத்தகைய பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதோடு சரி. 1902-இல் லினா ராஜர்ஸ் என்னும் செவிலியர் வீடுகளுக்கே சென்று தாய்மாருக்குக் கற்பித்த பின்னரே அவர்கள் வகுப்புக்கு மீண்டனர்.

எங்கள் செவிலியாரும் அன்று மாலை வீட்டுக்கு வந்து பாட்டியருகில் அமர்ந்தார். ஒரு மாதமாய் இடுப்பில் அரிப்பதை வெட்கத்தால் எங்களிடம் மறைத்ததாகப் பாட்டி அவரிடம் சொன்னார்கள்.