மிதக்க விடாதே

மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைவுகாட்டியொன்று எம் ஆய்கூடத்துக்கு வந்தபோது, அதன் எச்சரிக்கை வாசகத்தைத் தமிழாக்குமாறு பௌதிக ஆசிரியர் எம்மை வேண்டினார். "அலைவுகாட்டியை மிதக்க விடாதே" எனச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தோம். இலக்கணப் பிழை ஒன்றேனும் இல்லை! "கண்டி வாவியிலா, ஐயா?" என்று மாணவர் நகைத்தனர், யாமும் உடன் நகைத்தோம்.

மறுவாரம், நகைத்தோருள் ஒருவன் அக்கருவியின் செருகியிலிருந்து புவிக்கம்பியைக் கழற்ற முற்பட்டான். ஆசிரியர் பாய்ந்து கையைப் பற்றினார். மிதக்கவிடுதல் என்பது அதுவேயாம்.

அளவிடும் சலாகையின் கவ்வி கருவியின் உலோக உடலோடும், அதன்வழியே புவியோடும் இணைந்தது. அதனை உயிர்க்கம்பியிற் பொருத்தினாற் பொறி பறக்கும். முதல்நாள் அவ்வாறு பறந்ததைத் தவிர்க்கவே பையன் வழி தேடினான். புவிக்கம்பி இல்லையேற் பொறி இராது. கருவியின் உடலில் 230 வோல்ற்று ஏறி நிற்கும். அலையின் உச்சியோ 325. தொட்டவன் கதி என்னாம்?

1964 இற் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்த பொறியியற் பீடத்திற் பயின்ற எம் பழைய மாணவர் ஒருவர், செய்தியறிந்து, 'டிபறென்ஷல் புறோப்' எனும் வேறுபாட்டுச் சலாகையுடன் வந்தார். அதன் இரு முனைகளுள் எதுவும் புவியோடு நேரே இணைந்ததன்று. பெருந்தடைகளினூடே இரண்டின் அழுத்தத்தையும் பெற்று, வேறுபாட்டை மட்டும் நூறிலொன்றாக்கிக் கருவிக்குத் தரும். 325 வோல்ற்று 3.25 ஆகத் திரைக்கு வந்தது. புவிக்கம்பி தன் இடத்திலேயே இருந்தது. முனைகளுக்கிடையே எவ்வளவு, புவிக்கு எவ்வளவு எனச் சலாகையிற் பொறித்த எல்லைகள் இரண்டையும் பார்த்தே பொருத்தவேண்டும் என்றார்.

அன்று மாலையே பழைய பலகையைக் கழற்றி வேறெழுதினோம்: "புவிக்கம்பியை அகற்றாதே. அகற்றினால் இக்கருவியின் உடலே மின்னேறிக் கொல்லும்."